ஸ்டீரியோவ மாத்தறதுக்கு முன்னால ஒருக்கா கழட்டிப் பாக்கச் சொல்லுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க.

நானு காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவால ஊதியூர் பக்கத்துல இருந்து எழுதறனுங்க. தேங்காக் களம் வெச்சிருக்கறேன், உங்க பேப்பரு காத்தால ஆறு மணிக்கு வந்துரும், டீயக் குடிச்சுட்டே கடைசிப் பக்கத்துல இருந்து முன்னால படிச்சுட்டு வர்ற ஆளு. வண்டி பத்தி நீங்க போடற கேள்வி பதில்ல போன வாரம் ஒருத்தர், என்ற காரு ஸ்டீரியோ விட்டு விட்டுப் பாடுது, ரிப்பேர் பண்றதா புதுசு வாங்கறதான்னு கேட்டிருந்தாரு. அதுக்கு ரெண்டே வரியில, பத்து வருசம் ஆச்சுன்னா செலவு பண்ணாதீங்க, புதுசு போட்டுக்கோங்கன்னு பதில் போட்டிருந்தீங்க. சண்ட கட்டறதுக்கு எழுதலீங்க. ஆனா டாக்டர்கிட்டப் போயி நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா, எந்தப் பக்கம் வலிக்குது, சாப்புட்டா வலிக்குதா மாடி ஏறுனா வலிக்குதான்னு நாலு கேள்வியாச்சும் கேப்பாருல்லீங்க, உங்க பதில்ல அப்படி ஒரு கேள்வியும் இல்ல. எப்பப் போகுது, எதுனால போகுதுன்னு கேக்காமயே பாடை கட்டிப்புட்டீங்க.

எனக்கு ஏன் இந்த வெசனம்னா, இதே சங்கதிக்கு நானு நாலு மாசம் அலஞ்சிருக்கறேன்.

என்ற வண்டி 2011 மாடலு, சின்னக் காரு, வாங்கறப்பவே கம்பெனி போட்டுக் குடுத்த செட்டு, சிடி போடற ஓட்ட, யூஎஸ்பி, எஃப்எம், ஏஎம் எல்லாம் அதுலயே இருக்குது. எனக்குப் பாட்ட விட ரேடியோ முக்கியமுங்க. கொப்பரை ஏலம், லோடு ஏத்தறது எறக்கறதுன்னு அவல்பூந்துறை, பெருந்துறை, முத்தூர்னு வாரத்துல நாலு நாளு ரோட்டுல கெடக்கறவன், ஏஎம்ல 999ல கோவை வானொலி, தாராபுரம் பக்கம் எறங்குனா 100.5ல கொடைக்கானல் பண்பலை கணீர்னு எடுக்கும், கோயமுத்தூருக்குள்ள போயிட்டா 103ல ரெயின்போ, இத வெச்சே எத்தன கிலோமீட்டரு ஓட்டியிருப்பேன்னு கணக்கே இல்ல. போன்ல பாட்டு கேக்கலாமேன்னு பையன் சொல்லுவான். போன்ல வர்ற பாட்ட நாம தேடோணும், ரேடியோவுல வர்றது அதுவா வரும், அது தனி ருசி.

மொதல்ல குழியில எறங்குனா சத்தம் ஒரு நொடி வெட்டும், மறுபடி வந்துரும். அப்பறம் வலது பக்கம் மட்டும் ஊமையாச்சு. அப்பறம் ஒரு சித்திர மாசத்து மத்தியானம் வண்டிய வெயில்ல நிறுத்தி எடுத்தா லைட்டு எரியுது, மணி காட்டுது, ஸ்டேசன் நம்பரு ஓடுது, சத்தம் மட்டும் துளி கூட வரமாட்டீங்குது. இன்னொண்ணு, சிடி போடற ஓட்டையில ரெண்டு வருசமாவே சிடி உள்ளார போகாது, அத நானு செத்துப் போச்சுன்னு விட்டுட்டேன்.

திருப்பூர்ல ஒரு பெரிய ஆக்சசரீஸ் கடைக்குப் போனேன், ஏசி போட்ட கடை, சுவத்துல வரிசையா டச் ஸ்க்ரீனு மின்னுது. இருவது வயசுப் பையன் ஒருத்தன் வந்தான், வண்டிக்குள்ள உக்காந்து வால்யூம ரெண்டு திருகு திருகுனான், செட்டு போச்சுங்ணா, ஆண்ட்ராய்டு போட்டுக்கலாம், ரிவர்ஸ் கேமராவோட 9,500, பழசுக்கு 300 கழிச்சுக்கறேன்னான். மொத்தம் ரெண்டு நிமிசம். கழட்டிப் பாக்கலியா தம்பின்னு கேட்டா, இதெல்லாம் யாருங்ணா இப்பக் கழட்டறாங்கன்னு சிரிக்கறான். அந்தப் பையனச் சொல்லிக் குத்தமில்ல, அவனுக்குக் கழட்டிப் பாத்தா கூலி இல்ல, புதுச வித்தாத்தான் கூலி.

அடுத்தது வண்டி வாங்குன கம்பெனி சர்வீஸு. அங்க டை கட்டுன ஒருத்தர் கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, சார் இந்த மாடலுக்கு உள்பார்ட்ஸ் வராது, முழுச் செட்டாத்தான் வரும், ஆர்டர் போட்டா 14 ஆயிரத்துச் சில்லறை ஆகும், அதுவும் வந்தா சொல்றோம்னாரு. எந்தக் கம்பெனின்னு பேரு போடல, எல்லா எடத்துலயும் இதே கததான்னு விசாரிச்சப்பத் தெரிஞ்சுது. மூணாவதா எங்கூரு பக்கம் ஒரு வண்டி எலக்ட்ரீசியன், நல்ல மனுசந்தான், ஆனா செட்டுக்குப் பின்னால 10 ஆம்ப் ஃபியூஸு இருந்த எடத்துல எதுக்கும் இருக்கட்டும்னு 15 போட்டு உட்டுட்டாரு. இது மட்டும் யாரும் பண்ணாதீங்க சாமி. ஃபியூஸுங்கறது காவக்கார நாய் மாதிரி, அது கொரைக்குதுன்னா திருடன் வந்திருக்கறான்னு அர்த்தம், நாய மாத்தி என்ன பிரயோசனம். உள்ள எங்கியோ வயரு ஒரசிட்டு இருந்தா 10ல போகவேண்டிய ஃபியூஸு போகாம வயரு சூடாகி ஒறை உருகும். நல்லவேளை எனக்கு உருகல.

இதுக்குள்ள ஊட்டுல ஒரியாட்டம். பையன் கோயமுத்தூர்ல காலேஜ் படிக்கறான், லீவுக்கு வந்தவன் ஏனுங்ப்பா இன்னும் அந்த டப்பாவக் கட்டிட்டு அழுவறீங்கங்கறான். ஊட்டுக்காரம்மா ஒரு பக்கம், அந்தப் பாட்டுப் பொட்டிக்குப் பண்ற சீராட்டுல பாதி எனக்குப் பண்ணியிருந்தீங்கன்னா நானே பாடியிருப்பேன்னு ஒரு போடு போட்டா.

கடைசியில ஒரு லோடு டிரைவர் சொல்லித்தான் தாராபுரத்துல ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்கப் போயிப் பாத்தேன். பேரு சொல்ல வேண்டாம்னு அவரே சொல்லிட்டாரு, கூட்டம் வந்தா சமாளிக்க முடியாதுங்களாம். எழுவது வயசு இருக்கும், ஐடிஐல ரேடியோ டிவி ட்ரேடு படிச்ச ஆளு. கடைன்னா ஒரு எட்டுக்கு எட்டு ரூமு, மேல அட்டாலி பூரா பழைய ரேடியோப் பொட்டி, டேப் ரெக்கார்டரு, கீழ ஒரு மேசை, அதுல ஒரு பழைய கார் பேட்டரி, பலகையில அடிச்ச ஒரு ஸ்பீக்கரு. அண்ணா, செட்டு போச்சுங்கறாங்கன்னு சொன்னேன். நிமிந்து கூடப் பாக்கல, எப்பப் போகுது தம்பின்னாரு. அந்தக் கேள்விய நாலு மாசத்துல மொத மொதக் கேக்கறேனுங்க.

குழியில வெட்டுதுங்க, வெயில்ல எச்சாப் போகுதுங்கன்னு சொன்னேன். சித்த நேரம் யோசிச்சுட்டு, கதவத் தொறந்து மூடுறப்ப ஏதாச்சும் வித்தியாசம் தெரியுதான்னாரு. அட, ஆமாங்க, டிரைவர் கதவ முழுசாத் தொறந்தா ஒரு தடவ கரகரன்னு வந்துச்சு, நாந்தான் அதக் கணக்குலயே எடுக்கல.

வண்டிக்கிட்ட வந்தாரு. கையில ரெண்டு சைக்கிள் ஸ்போக் கம்பி, யூ மாதிரி வளச்சு வெச்சிருக்கறாரு. செட்டோட முன்பட்டையில ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன ஓட்ட இருக்குமில்லீங்க, அதுல கம்பிய உட்டு ஒரு அழுத்து, ஒரு இழு, டிராயரு மாதிரி மொத்தச் செட்டும் வெளிய வந்துருச்சு. பன்னெண்டு வருசமா இதுல எதுக்கு ஓட்டன்னு எனக்குத் தெரியாது. ஒத்தச் செட்டுன்னா முகம் 180 மில்லிமீட்டர் அகலம் 50 ஒசரம், ஜெர்மனிக்காரன் போட்ட அளவு, பெரிசுன்னா அதே அகலத்துல 100 ஒசரம், நெறைய வண்டியில இதேதான், அதனாலதான் ஒருத்தன் செட்டு இன்னொருத்தன் வண்டிக்கும் சேருதுன்னு சொல்லிட்டே பின்னால வயரு சேர்ற கப்ளரக் கழட்டுனாரு.

மேசை மேல வெச்சு பேட்டரியக் குடுத்து அந்தப் பலகை ஸ்பீக்கருல மாட்டுனா, பாடுதுங்க! நாலு மாசமா செத்துப்போச்சுன்னு சொன்ன செட்டு, கொடைக்கானல் ஸ்டேசன்ல வெதை நேர்த்தி பத்திப் பேசிட்டு இருக்குது. எனக்கு ஒரு நிமிசம் தொண்ட அடச்சுருச்சு. அவரு சிரிக்கல, ஸ்க்ரூடிரைவரத் திருப்பிப் புடிச்சு மரக்கைப்பிடியால செட்டு முதுகுல டொக்குனு ஒரு தட்டு தட்டுனாரு. சத்தம் போச்சு. இன்னொரு தட்டு. வந்துச்சு. ரெண்டு சீக்கு இருக்குது தம்பி, ஒண்ணு செட்டுல, ஒண்ணு கதவுலன்னாரு.

செட்டுல இருந்த சீக்கு இதாங்க. உள்ளார சத்தத்தப் பெருக்கற ஐசி ஒண்ணு இருக்குது, பின்னால அலுமினியத் தகட்டோட ஒட்டி முறுக்கி வெச்சிருப்பாங்க, கீழ இருவத்தஞ்சு காலு. வண்டி வெயில்ல நின்னு சூடாகி, ரவைக்கு ஆறி, மறுநா சூடாகின்னு வருசக்கணக்குல ஆகறப்ப அந்தக் காலச் சுத்தி இருக்கற ஈயத்துல வளையமாட்டம் ஒரு வெடிப்பு உழுந்துரும். லென்ஸக் கையில குடுத்துப் பாக்கச் சொன்னாரு, காலுக்குச் சுத்தி முடி கனத்துல ஒரு கோடு, ஆத்துல தண்ணி வத்துனா கல்லச் சுத்தி ஒரு கோடு நிக்குமே அதே மாதிரி. குழியில எறங்குனா காலு அசையுது, சத்தம் வெட்டுது. எல்லாக் காலுக்கும் புது ஈயம் வெச்சு பத்த வெச்சாரு, தகட்டுக்கு நடுவால காஞ்சு சுண்ணாம்பாப் போயிருந்த பசைய வழிச்சுட்டு புதுசு தடவுனாரு. கால் மணி நேர வேலை.

அப்பறம் சிடி போற எடத்தத் தொறந்தாரு. சிவன்மலையில ஆண்டவன் உத்தரவுப் பொட்டியில இப்ப என்ன வெச்சிருக்காங்கன்னு எட்டிப் பாப்பமே, அதாட்டம் ரெண்டு பேரும் எட்டிப் பாத்தோம். உள்ள நாலு ஒத்த ரூவா, ஒரு ரெண்டு ரூவா, நாலா மடிச்ச பஸ் டிக்கெட்டு ஒண்ணு. தங்கச்சி மக சின்னப் பொடுசா இருந்தப்ப முன் சீட்டுல உக்காந்து வருவா, உண்டியல்னு நெனச்சுப் போட்டிருக்கறா! ரெண்டு வருசமா சிடி போகாததுக்கு இதுதான் காரணம். ஆறு ரூவாய மேசையில அடுக்கி வெச்சு, இத சர்வீஸ் சார்ஜுல கழிச்சுக்கட்டுங்களான்னாரு மனுசன், மூஞ்சியில சிரிப்பே இல்லாம.

கதவு சீக்கு இன்னும் சுவாரசியமுங்க. கதவுக்கும் பாடிக்கும் நடுவால கருப்பு ரப்பர் கொழா ஒண்ணு இருக்குமில்லீங்க, ஸ்பீக்கர் வயரு, கண்ணாடி வயரு எல்லாம் அதுக்குள்ளதான் போகுது. பன்னெண்டு வருசம் கதவத் தொறந்து மூடி அதுல ஒரு வயரு ஒறை கிழிஞ்சு தாமிரம் தெரிஞ்சு பாடியில ஒரசிட்டு இருந்திருக்குது. வீட்டு ரேடியோவுல ஸ்பீக்கர் வயரு ஒண்ணு எர்த்துல பட்டா ஒண்ணும் ஆகாது, காரு செட்டுல ரெண்டு வயருமே ஐசியில இருந்து நேரா வருது, ரெண்டுல எது பாடியில பட்டாலும் அது ஷார்ட்டுதான். ஐசி அதக் கண்டுபுடிச்சு, நானு செத்துப் போறதுக்கு முன்னால வாய மூடிக்கறேன்னு ஊமையாயிரும். லைட்டு எரிஞ்சு சத்தம் வராததுக்கு இதுதான் காரணம். இத யாரும் பாக்காம நானு 9,500 குடுத்து புதுசு போட்டிருந்தா என்னாயிருக்கும்? புதுச் செட்டும் அதே வயரு மேலதானுங்க உக்காந்திருக்கும், அதுவும் ஊமையாயிருக்கும், இல்லன்னா ஐசி வெந்திருக்கும். கடைக்காரன் வாரண்டிக்குக் கேட்டா உங்க வண்டி வயரிங் சரியில்லீங்ணான்னு கைய விரிச்சிருப்பான்.

ஸ்பீக்கரு நல்லாருக்குதான்னு பாக்க ஒரு வித்த காட்டுனாரு, எல்லாருக்கும் ஆகும். செட்டுல இருந்து கழட்டுன ஸ்பீக்கர் வயரு ரெண்டுலயும் கடிகாரத்துக்குப் போடற ஒண்ணர வோல்ட் செல்ல ஒரு நொடி தொட்டு எடுத்தா டப்புனு ஒரு சத்தம் வரோணும். வந்தா ஸ்பீக்கரு உசுரோட இருக்குது. வரலன்னா வயரு இல்லன்னா ஸ்பீக்கரு. மீட்டர் இருந்தா நாலு ஓம் ஸ்பீக்கரு மூணரைக்குப் பக்கமாக் காட்டும். செட்டு மேல பழி போடறதுக்கு முன்னால இத அஞ்சு நிமிசத்துல பாத்துரலாம். அதே மாதிரி சாவிய எடுத்துட்டு மறுபடி போட்டா மணி பன்னெண்டுக்குப் போயி நின்னா, வெச்ச ஸ்டேசன் எல்லாம் மறந்து போச்சுன்னா செட்டு கெட்டுப் போகலீங்க. மஞ்ச வயருன்னு ஒண்ணு இருக்குது, அதுல சாவி இல்லாமயும் எந்நேரமும் 12 வோல்ட் இருக்கோணும், ஞாபகம் வெச்சுக்கறது அதுதான். செகப்பு சாவி போட்டாத்தான் வரும். கருப்பு எர்த்து, வண்டி பாடியோட சேர்றது. ஆக்சிலேட்டர மிதிக்க மிதிக்க உய்ங்னு கூடவே ஒரு சத்தம் ஏறுச்சுன்னா பெரும்பாலும் எர்த்து சரியில்லன்னு அர்த்தம், ஒரு போல்ட்டச் சொரண்டி முறுக்குனா தீந்துரும்.

மொத்தம் எவ்வளவு ஆச்சுன்னு கேட்டா 550 ரூவா. செட்டுக்கு 400, கதவு வயரு 150. அது ஆகி எட்டு மாசம் ஆச்சு, ஒரு தடவ கூட வெட்டல.

இதனால எல்லாத்தையும் ரிப்பேர்தான் பண்ணோணும்னு சொல்ல வரல. அவரே சில செட்டத் தொட மாட்டீங்கறாரு. நானு இருக்கறப்பவே ஒருத்தர் மழையில ரோட்டுத் தண்ணி ஏறுன வண்டியோட செட்டக் கொண்டாந்தாரு, தொறந்து பாத்தா போர்டு பூரா பச்சை பூத்துக் கெடக்குது, இது வேண்டாமுங்க, இன்னைக்கு ஒண்ணு பாத்தா நாளைக்கு ஒண்ணு போகும், புதுசு போட்டுக்கோங்கன்னு காசு வாங்காம அனுப்பிட்டாரு. டிஸ்ப்ளே கண்ணாடி போச்சுன்னா அந்த மாடல் கண்ணாடி கெடைக்காது. ரிவர்ஸ் கேமரா வேணும், மேப்பு பெரிசாத் தெரியோணும், கையில போனு எடுக்காமப் பேசோணும்னா அதுவும் நியாயம், அதுக்குப் புதுசுதான் வாங்கோணும், வயசான எங்க மாமாவுக்குக் கழுத்து திரும்ப மாட்டீங்குது, அவரு வண்டிக்கு கேமரா போடறதுக்காகவே நாந்தான் கூட்டிட்டுப் போயி மாத்திக் குடுத்தேன். பாட்டு மட்டும் போன்ல இருந்து வந்தாப் போதும்னா போன் வயரச் சொருகற ஆக்ஸ் ஓட்ட இருக்கற செட்டுக்குச் சின்ன புளூடூத் ரிசீவரு சில நூறு ரூவாயில கெடைக்குது, அதுக்கு முழுச் செட்ட மாத்தறது கொசுவுக்கு வீட்டக் கொளுத்தற கத.

ஆனா வாங்கறப்ப அட்டப் பொட்டியில இருக்கறத நம்பாதீங்க. 50 வாட் இன்ட்டு 4, மொத்தம் 200 வாட்டுன்னு போட்டிருப்பான். மெக்கானிக்கு சாக்பீஸ எடுத்து மேசையில கணக்குப் போட்டுக் காட்டுனாரு. இன்ஜின் ஓடறப்ப வண்டியில 14.4 வோல்ட்டுன்னு வெச்சுக்கங்க, 14.4அ 14.4ஆல பெருக்கி ஸ்பீக்கரு 4 ஓம்ல வகுத்தா 52 வருதா, அந்த 52தான் பொட்டியில 50ன்னு வருது. ஆனா அது மேலயும் கீழயும் முட்டிக் கிழிஞ்சு போற சத்தத்துக்கு. கிழியாம நல்லாப் பாடறதுன்னா இதுல பாதி கூட வராது, ஒரு ஸ்பீக்கருக்கு இருவதச் சுத்தித்தான். இதுல நம்பிக்க இல்லன்னா செட்டுப் பின்னால ஃபியூஸப் பாருங்க, 10 ஆம்ப், 14 வோல்ட்டால பெருக்குனா 140 வாட்டு. உள்ள போறதே 140ன்னா வெளிய 200 எங்கிருந்துங்க வரும்? பழைய செட்டுக்கும் இதே கணக்குதான், அதனால புதுசு போட்டா சத்தம் ரெண்டு மடங்காகும்னு கடையில சொன்னா சிரிச்சுட்டு வாங்க.

இப்ப நானு முக்கியமா எழுத வந்ததுக்கு வர்றேன், இதத் தயவுசெஞ்சு வெட்டாமப் போடுங்க. புதுசு போடறதாவே இருக்கட்டும், கடையில கப்ளர வெட்ட உடாதீங்க.

மாமா வண்டிக்குப் போட்டப்ப எனக்கே இது தெரியாது. கம்பெனி வயருல ஒரு பிளாஸ்டிக் கப்ளரு இருக்கும், அதுக்குச் சேர்ற மாதிரி எதுர் கப்ளரு தனியா விக்குது, வெல ஒண்ணும் பெரிசில்ல, அத வாங்கி நடுவால மாட்டுனா ஒரு வயரக் கூட வெட்ட வேண்டாம், நாளைக்கு வேண்டாம்னா பழச அப்படியே திருப்பி மாட்டிக்கலாம். ஆனா கடையில என்ன பண்ணாங்கன்னா, நானு டீ குடிக்கப் போயிட்டு வர்றதுக்குள்ள கட்டிங் பிளேயர எடுத்து மொத்த வயரையும் கத்தரிச்சு, பல்லால ஒறையக் கடிச்சு உரிச்சு, முறுக்கி, கருப்பு டேப்ப ஒட்டி, டேஷ்போர்டுக்குள்ள திணிச்சுட்டாங்க. வெயிலுக்கு அந்த டேப்பு கோந்து உருகி அவுந்துரும். அத உடுங்க, மாமா மூணு நாளு வண்டிய எடுக்காம சாளையில நிறுத்தி வெச்சாருன்னா பேட்டரி டவுனு. தள்ளித்தான் ஸ்டார்ட்டு பண்ணோணும், அந்த வயசுல. பேட்டரி பழசுன்னு கடையில சொன்னாங்க, 4,000 குடுத்துப் புதுப் பேட்டரியும் வாங்கியாச்சு. மறுபடி மூணு நாளுல டவுனு.

தாராபுரத்துக்காரருகிட்டத்தான் மறுபடி போனோம். மீட்டர பேட்டரி வயருக்கு நடுவால வெச்சா, சாவி எடுத்து கதவெல்லாம் மூடி அர மணி நேரம் கழிச்சும் 0.6 ஆம்ப் இழுத்துட்டு இருக்குது. சாதாரணமா வண்டி தூங்கறப்ப 0.05க்குள்ளதான் இருக்கோணும்னாரு. கணக்குப் பாருங்க, 0.6 இன்ட்டு 24, ஒரு நாளைக்கு 14 ஆம்ப்-ஹவருக்கு மேல கரையுது. சின்ன வண்டி பேட்டரியில மொத்தமே 35 ஆம்ப்-ஹவருதான். மூணு நாளு தாங்குமா? காரணம் என்னன்னா கடையில மஞ்ச வயரையும் செகப்பு வயரையும் ஒண்ணா முறுக்கி எந்நேர மெயின்ல குடுத்திருக்கறாங்க. செட்டு ஸ்க்ரீனு இருட்டாயிருக்குது, உள்ள தூங்கவே இல்ல. எதுக்கு அப்படிப் பண்றாங்கன்னா செகப்புக்கு சாவி லைன் எதுன்னு தேட அஞ்சு நிமிசம் ஆகும், அவ்வளவுதான். அந்த அஞ்சு நிமிசத்துக்கு எங்க மாமாவுக்கு 4,000 ரூவாயும், ரெண்டு தடவ இடுப்பு வலியும். கடைக்குத் திருப்பிப் போனா பில்லு இருக்குதான்னு கேக்கறாங்க. பில்லுக் கேட்டப்ப ஜிஎஸ்டி சேத்தா எச்சாகும்னு சொல்லி குடுக்காததே அவங்கதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பில்லுக் குடுக்காம இருக்கறதே நேர்மையில்லாத வியாபாரம்னு போட்டிருக்குதுங்க, நுகர்வோர் புகாருக்கு 1915ன்னு ஒரு நம்பரு இருக்குது, கூப்புட்டுச் சொல்லலாம், ஆனா எங்க மாமா எதுக்குக் கண்ணு பொல்லாப்புன்னு உட்டுட்டாரு. நம்ம பக்கத்து ஆளுக பாதிப் பேரு இப்படித்தான்.

2022 ஜூலையில மத்திய நுகர்வோர் துறை ரிப்பேர் பண்ற உரிமைக்குன்னு ஒரு கமிட்டி போட்டாங்க, அந்த வருசம் டிசம்பர் 24ல ஒரு போர்ட்டலும் தொறந்தாங்க, பண்ணையக் கருவி, செல்போன், வீட்டுச் சாமானம், வண்டின்னு நாலு வகை. நல்ல காரியந்தான். ஆனா தாராபுரத்து எட்டுக்கு எட்டு ரூம்ல உக்காந்திருக்கற மனுசனுக்கு வேணுங்கறது போர்ட்டல் இல்லீங்க, அந்த போர்டோட வரைபடம் ஒரு தாளு, ஒடஞ்சு போன பட்டனுக்கு ஒரு மாத்துப் பட்டன், இவ்வளவுதான். வரைபடம் இல்லாமத்தான் அவரு அந்த வயசுல கண்ணுல லென்ஸ வெச்சுட்டு கோட்ட ஒவ்வொண்ணாத் தேடிட்டு உக்காந்திருக்கறாரு. பையனுக்குச் சொல்லிக் குடுக்கலியாங்கண்ணான்னு கேட்டேன், அவன் பெங்களூர்ல சாப்ட்வேர் கண்ணு, இந்த வேலைக்கு எவன் பொண்ணு குடுப்பான்னாரு. ஜி.டி. நாயுடு 1941லயே அஞ்சு வால்வு ரேடியோவ 70 ரூவாய்க்குப் பண்ணித் தர்றேன்னு சொன்ன ஊருங்க இது. பம்புசெட்டும் லேத்துமா இருக்கற இந்தச் சீமையில ஒரு ஐசிக் காலுக்கு ஈயம் வெக்க ஆளத் தேடி நானு நாலு மாசம் அலையறேன்.

அதனால உங்க கேள்வி பதில் எழுதறவருகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அடுத்த தடவ யாராச்சும் ஸ்டீரியோ போச்சுன்னு எழுதுனா, போங்க போயி வாங்குங்கன்னு சொல்றதுக்கு முன்னால, செட்டக் கழட்டி வெளிய பேட்டரியில போட்டுப் பாத்தீங்களான்னு கேக்கச் சொல்லுங்க. அதுக்கு நூறோ எரநூறோ கூலி குடுக்கலாம், தப்பில்ல. மேசையில பாடுச்சுன்னா சீக்கு வண்டியில, பாடலன்னா செட்டுல. அதுக்கப்பறம் மாத்தறதா வேண்டாமான்னு அவங்கவங்க சிறுவாட்டப் பாத்து முடிவு பண்ணிக்கட்டும். மாத்துனாலும் பழசக் கடையில 300க்கு உட்டுட்டு வராதீங்க, நல்ல செட்டுல இருந்து ஒரு பட்டன், ஒரு கண்ணாடி, ஒரு மோட்டாரு யாருக்காச்சும் ஆகும்.

அதுல எனக்கும் ஒரு சுயநலம் இருக்குதுங்க, மறைக்கல. என்ற செட்டுல வால்யூம் குமிழு வழுக்குது, 3ஆம் நம்பர் பட்டன் உள்ள போனா வெளிய வர மாட்டீங்குது, கொடைக்கானல் ஸ்டேசன வெச்சிருக்கறதே அந்த மூணுலதான். மாடல் நம்பரு தனிச் சீட்டுல எழுதி இதோட பின் அடிச்சிருக்கறேன், பேப்பர்ல போடறதும் போடாததும் உங்க இஷ்டம். அந்த மாடல் முன்பட்டை ஆராச்சும் கழட்டி அட்டாலியில போட்டு வெச்சிருந்தா உங்க ஆபீஸ்ல குடுத்து வெக்கச் சொல்லுங்க, வியாழக்கிழம வியாழக்கிழம நானு காங்கேயம் வருவேன், வந்து வாங்கிக்கறேன், வெல என்னவோ அதக் குடுத்தர்றேன்.

இப்படிக்கு,
ஊதியூர் பக்கத்துல இருந்து ஒரு தேங்காக் களத்துக்காரன்